உவர் ஏறிய சுவர்கள்: வேங்கட வட்டாரக் கட்டடங்களும் கரையும் உப்புகளும்

முன்னுரை

தமிழகத்தின் வட எல்லையாகப் பழந்தமிழ் நூல்கள் சுட்டும் வேங்கடத்தைச் சூழ்ந்த நிலப்பகுதி கோயில்களாலும் கோட்டைகளாலும் கல்வெட்டுகளாலும் செறிந்ததாகும். திருமலை, திருப்பதி, திருச்சானூர், திருக்காளத்தி, குடிமல்லம், சந்திரகிரி முதலிய ஊர்கள் தொண்டைமண்டலத்தின் வடபகுதியில் அமைந்து, பல்லவர், சோழர், விசயநகரர் காலக் கட்டடக் கலையைத் தாங்கி நிற்கின்றன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்படும்வரை திருப்பதியும் திருக்காளத்தியும் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

இக்கட்டடங்கள் எப்போது, யாரால் கட்டப்பட்டன என்பது குறித்து விரிவான ஆய்வுகள் உள்ளன. அவை எவ்வாறு அழிகின்றன என்பது குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே. காலப்பழமையால் கட்டடம் சிதைகிறது என்று பொதுவாகக் கூறிவிடுகின்றோம். காலம் தானாக எதையும் உடைப்பதில்லை. செங்கல் பொடிவதற்கும், சுதை உதிர்வதற்கும், ஓவியம் செதில் செதிலாகப் பெயர்வதற்கும் குறிப்பிட்ட காரணங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது நீரில் கரையும் உப்பு ஆகும். மக்கள் வழக்கில் இது உவர் ஏறுதல், உப்புப் பூத்தல் எனப்படுகின்றது.

உப்பு மட்டும் தனியே சுவரை அழிப்பதில்லை. உப்பைச் சுமந்து செல்லும் நீரின் வழியே அழிவை முடிவு செய்கின்றது. அவ்வழியை நம் முன்னோர் தொழில்முறையில் அறிந்திருந்தனர். பிற்காலப் பழுதுபார்ப்புகள் அவ்வழியை மாற்றியமைத்துவிட்டன. இவ்விரு கருத்துகளையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் காட்டும் அறிவு

நிலத்து உப்பைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. உவர், களர், சவுடு, பூநீறு, வெடியுப்பு என்பன அவற்றுள் சில. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. உவர் என்பது உப்புச் சுவையையும் உப்பு ஏறிய மண்ணையும் குறிக்கும். களர் என்பது பயிர் விளையா நிலம். திருக்குறள் கல்லாதவரை இந்நிலத்தோடு ஒப்பிடுகின்றது. சவுடு என்பது காரத்தன்மை மிக்க மண். வண்ணார் துணி வெளுக்கப் பயன்படுத்தியது இவ்வகை மண்ணே. தெலுங்கிலும் இச்சொல் இப்பொருளிலேயே வழங்குகின்றது. இருமொழி வழங்கும் வேங்கட வட்டாரத்தில் இது பொதுச்சொல்லாக அமைந்துள்ளமை இயல்பே.

பூநீறு என்னும் சொல் சிறப்பாக நோக்கத்தக்கது. உவர் நிலத்தின் மேற்பரப்பில் வெண்ணிறமாகப் பூத்து எழும் உப்புக்குச் சித்த மருத்துவம் வழங்கும் பெயர் இது. பங்குனி, சித்திரைத் திங்கள்களில் இதனைச் சேகரித்தல் மரபு. இம்மரபுக்கு இயற்பியல் அடிப்படை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை மண்ணின் உப்புகளைக் கரைக்கின்றது. மழை நின்றபின் வெயில் ஏற ஏற, நிலத்தடி ஈரம் மேல்நோக்கி இழுக்கப்பட்டு ஆவியாகின்றது. நீர் போய்விட, உப்பு மேற்பரப்பில் தங்குகின்றது. பங்குனியளவில் இப்படிவு மிகுதியாகக் கிடைக்கும். நிலத்தில் நிகழும் இதே செயல் சுவரிலும் நிகழ்கின்றது. சுவரில் தோன்றும் வெண்பொடியும் பூநீறும் ஒரே முறையில் உண்டாகின்றவை.

சுவரின் ஈரத்தைக் கொத்தர்கள் ஓதம் என்பர். ஓதம் என்னும் சொல் இலக்கிய வழக்கில் கடலையும் கடல் அலையையும் குறிக்கும். ஈரம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. சுவரில் ஓதமும் உவரும் உடன்நிகழ்வன என்பது தொழிலாளர் பேச்சிலேயே பதிந்துள்ளது.

உப்பு எடுத்தோர்

உவர்மண்ணிலிருந்து உப்பு எடுத்தல் தென்னிந்திய உள்நாட்டுப் பகுதிகளில் நெடுங்காலமாக நடைபெற்ற தொழிலாகும். கடல் உப்பு எட்டாத ஊர்களில் மண்ணுப்பே ஏழை மக்களின் உணவுப் பொருளாயிருந்தது. தெலுங்கில் உப்பர என்றும் தமிழில் உப்பிலியர் என்றும் வழங்கப்பட்ட சமுதாயத்தினர் இத்தொழிலைச் செய்தனர். 1800-1801ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து மைசூர் நாட்டின் வழியாகப் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன் இத்தொழிலைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார்.

செய்முறை எளியது. வறண்ட பருவத்தில் உவர்மண்ணைச் சுரண்டிச் சேர்ப்பர். வைக்கோலும் புல்லும் பரப்பிய வடிகட்டும் தொட்டியில் அம்மண்ணை இட்டு நீர் ஊற்றுவர். மண்ணிலுள்ள உப்பு கரைந்து நீரோடு கீழே வடியும். அவ்வுப்புநீரை வெயிலில் வற்றவிட்டோ அடுப்பில் காய்ச்சியோ உப்பைப் பிரிப்பர்.

வெடியுப்பு எடுத்தலும் இம்முறையைச் சார்ந்ததே. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்டு. பழைய மண்சுவர்களின் அடிப்பகுதி, மாட்டுத் தொழுவத்து மண், பாழடைந்த ஊர்த்திட்டு ஆகியவை இதற்குரிய மூலங்கள். கால்நடைக் கழிவும் பிற மக்கும் பொருள்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகின்றன; அடுப்புச் சாம்பல் பொட்டாசியத்தைத் தருகின்றது. வெடிமருந்துக்கு இன்றியமையாத இவ்வுப்புக்காகக் கோட்டைத் தலைவர்களும் ஐரோப்பிய வணிகக் குழுமங்களும் போட்டியிட்டனர். பழஞ்சுவரின் அடியிலிருந்து சுரண்டப்பட்ட இவ்வுப்பு அக்காலத்தில் விலையுள்ள பண்டமாயிருந்தது.

1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. அதன்பின் மண்ணுப்பு அரசு வருவாய்க்குப் போட்டியாகக் கருதப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் படிப்படியாக ஒடுக்கப்பட்டது. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் இக்கட்டுப்பாட்டை உறுதிப்படுத்திற்று. தொழிலை இழந்த உப்பர்கள் ஏரி வெட்டுதல், மண்வேலை, செங்கற்கட்டு வேலை ஆகியவற்றிற்குச் சென்றனர் என்பதை 1909இல் வெளிவந்த தர்சுடனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுப்பால் அறியலாம். எந்த மண்ணில் உவர் உண்டு, எந்த நீர் உப்புடையது என்று அறிந்தவர்களே சுவர் எழுப்பும் தொழிலுக்கும் வந்தனர் என்பது கட்டடத் தொழில் வரலாற்றில் கருதத்தக்க செய்தியாகும். உவர்மண்ணிலிருந்து நீரால் உப்பைப் பிரிக்கும் அவர்களுடைய முறையும், இன்று நினைவுச்சின்னங்களின் கல்லிலிருந்து உப்பை நீக்கும் வேதியியலார் முறையும் அடிப்படையில் ஒன்றே என்பதைப் பின்னர்க் காண்போம்.

உப்பு சுவரை உடைக்கும் முறை

செங்கல், சுண்ணாம்புக்காரை, மணற்கல் ஆகியவை நுண்துளைகள் நிறைந்தவை. கையால் அறுத்துச் சூளையில் சுட்ட செங்கலில் அதன் பருமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடமாக இருத்தல் உண்டு. பழுதுறாத கருங்கல்லில் இது பெரும்பாலும் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நிலத்தடி ஈரம் இந்நுண்துளைகளின் வழியே மேலேறுகின்றது. ஏறும் நீர் மண்ணிலும் கட்டுமானப் பொருளிலும் உள்ள குளோரைடு, சல்பேட்டு, நைட்ரேட்டு முதலிய உப்புகளைக் கரைத்து உடன்கொண்டு செல்கின்றது. நீர் எங்கு ஆவியாகின்றதோ அங்கு உப்பு படிகமாகின்றது.

அந்த இடம் எது என்பதில்தான் சுவரின் நலம் அடங்கியுள்ளது. உள்ளிருந்து வரும் நீர் மிகுந்தும் ஆவியாதல் மெதுவாகவும் இருந்தால், நீர் மேற்பரப்புவரை வந்து சேரும். உப்பு வெளியே பூக்கும். இதனை மேற்பூப்பு எனலாம். இது பார்வைக்கு அழகற்றதாயினும் பெருந்தீங்கு விளைவிப்பதன்று. உலர்ந்த தூரிகையால் துடைத்து அகற்றலாம். வெயிலாலும் காற்றாலும் ஆவியாதல் விரைவாக நிகழ்ந்தாலோ, மேற்பரப்பு நீர்புகாப் பூச்சால் மூடப்பட்டிருந்தாலோ, நீர் மேற்பரப்பை அடையுமுன் உள்ளேயே ஆவியாகும். உப்பும் உள்ளேயே படிகமாகும். இதனை உட்பூப்பு எனலாம். வளரும் படிகம் நுண்துளையின் சுவரை அழுத்துகின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் அமுக்கத்தைத் தாங்கவல்லவை. இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் அவற்றிற்குக் குறைவு. ஆகவே உள்ளிருந்து எழும் அழுத்தத்தால் மேல்தோல் பெயர்கின்றது. ஓவியம் தீட்டப்பட்ட சுவரில் அந்தத் தோலே ஓவியமாகும்.

ஒருமுறை படிகமாவதோடு கேடு முடிவதில்லை. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது ஈரத்தை ஈர்த்துத் தானே கரைகின்றது. அதற்குக் கீழே இறங்கும்போது மீண்டும் படிகமாகின்றது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் இரவில் ஈரம் மிகுந்தும் பகலில் குறைந்தும் இருக்கும் நாள்களில், ஒரே நாளிலேயே கரைதலும் படிதலும் நிகழக்கூடும். சோடியம் சல்பேட்டு இதனினும் கொடியது. ஏறத்தாழ 32 பாகை செல்சியசுக்குக் கீழே இது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பத்து நீர் மூலக்கூறுகளை ஏற்ற படிகமாக உருவாகக்கூடும். நீரற்ற வடிவத்தோடு ஒப்பிட இதன் பருமன் நான்கு மடங்குக்கு மேல் ஆகும். கோடையும் மழையும் மாறிமாறி வரும் நம் வட்டாரத்தின் வெப்பநிலை இவ்வெல்லையை அடிக்கடி கடக்கின்றது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

உலக வரலாற்றில் உப்பின் சான்றுகள்

இக்கேட்டை மனிதர் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டுள்ளனர். எகிப்தின் நிலத்தில் பூக்கும் உப்பு பிரமிடுகளையும் அரிக்கின்றது என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எரோடோட்டசு குறித்துள்ளார். பிரான்சில் 1820களில் பிரார் என்பவர் கட்டடக் கற்களைச் சோதிக்க ஒரு முறையைக் கண்டார். கல்லைச் சோடியம் சல்பேட்டுக் கரைசலில் நனைத்து உலரவிட்டு, அது உறைபனியைத் தாங்குமா என்று மதிப்பிடுவது அம்முறை. பனியின் செயலை உப்பைக்கொண்டு காட்டியதன்வழி, உப்பும் கல்லை உடைக்கும் என்பது ஆய்வகத்தில் நிறுவப்பட்டது.

நம் துணைக்கண்டத்தில் மொகஞ்சதாரோ தக்க சான்றாகும். நெடுங்காலமாக மண்ணுள் கிடந்த அதன் சுட்ட செங்கற்கள், 1922இல் அகழ்வு தொடங்கிக் காற்றும் வெயிலும் பட்டபின் உப்பால் பொடியத் தொடங்கின. 1932இல் சக்கர் அணை திறக்கப்பட்டு நீர்ப்பாசனம் பெருகியதால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, இக்கேடு மேலும் மிகுந்தது. 1974இல் யுனெசுகோ நிறுவனம் அந்நகரைக் காக்கப் பன்னாட்டு இயக்கம் ஒன்றைத் தொடங்க வேண்டியதாயிற்று. செங்கல்லின் வயதில் மாற்றமில்லை. நீரின் வழி மாறியது. அதனால் அழிவு வந்தது. எகிப்தில் நெஃபர்தாரி அரசியின் கல்லறை ஓவியங்களும் பூச்சுக்குப் பின்னே படிகமான சோடியம் குளோரைடால் பெயர்ந்தன. 1986 முதல் 1992 வரை கெட்டி நிறுவனமும் எகிப்தியத் தொல்லியல் துறையும் இணைந்து அவற்றைச் சீர்செய்தன.

வட்டாரக் கட்டடங்களின் இயல்பு

மேற்கண்ட அறிவியல் உண்மைகளை வேங்கட வட்டாரக் கட்டடங்களோடு பொருத்திக் காணல் வேண்டும். இங்குள்ள கோயில்களின் அதிட்டானமும் சுவரும் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. அவற்றின்மேல் எழும் விமானமும் கோபுரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும் கொண்டவை. அடியிலுள்ள கருங்கல் நிலத்து ஓதத்தை எளிதில் மேலேறவிடுவதில்லை. நுண்துளை மிக்க பகுதி நிலத்திலிருந்து விலகி உயரத்தில் அமைகின்றது. பாரத்தைத் தாங்குவதற்காக அமைந்த இம்முறை ஓதத்தைத் தடுப்பதிலும் பயன் தந்தது.

ஆயினும் மேலிருந்து இறங்கும் நீர் உண்டு. மண்டபக் கூரையின் கற்பலகைகள்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இடப்பட்டிருக்கும். அது வெடித்தால் மழைநீர் அதனுள் தங்கி, செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு கற்பலகைகளின் இடுக்குகள் வழியே உள்ளே கசியும். விசயநகர ஓவியங்கள் பல கூரையின் அடிப்புறத்திலேயே தீட்டப்பட்டுள்ளன. அச்சுத தேவராயர் காலத்தில் (1529-1542) விரூபண்ணரும் வீரண்ணரும் எடுப்பித்த இலேபாட்சி வீரபத்திரர் கோயிலின் புகழ்பெற்ற ஓவியங்கள் இத்தகையன. இவ்வாறான இடங்களில் ஓவியத்தைக் காக்கும் பணி ஓவியத்தில் தொடங்குவதன்று. அதன் தலைக்கு மேலுள்ள தளத்தில் தொடங்க வேண்டும்.

சந்திரகிரிக் கோட்டையின் அரண்மனைகள் வேறு வகையின. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரவீட்டு மரபினரின் தலைநகராயிருந்த இவ்வூரில் இராசமகால் மூன்று தளங்களும் இராணிமகால் இரண்டு தளங்களும் கொண்டு விளங்குகின்றன. மரம் பயன்படுத்தாமல் கல், செங்கல், சுண்ணாம்பு ஆகியவற்றால் வளைவுகளும் தூண்களும் அமைத்து இவை கட்டப்பட்டுள்ளன. இராசமகாலில் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகின்றது. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட இத்தகைய கட்டடம், தன்னுள் புகும் ஈரத்தைப் பூச்சின் வழியே வெளியேற்றி உலர்வது. அதனை நீர்புகாப் பூச்சால் மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும்.

திருக்காளத்தியில் பொன்முகலியாற்றின் கரையில் 1516இல் கிருட்டிணதேவராயர் எடுப்பித்த இராசகோபுரம் 2010ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. அவ்விடத்தில் எழுப்பப்பட்ட புதிய கோபுரத்திற்கு 2017இல் குடமுழுக்கு நடைபெற்றது. பழைய கோபுரத்தின் வீழ்ச்சிக்கு உப்பே காரணம் என்று கூறுவதற்கில்லை. விரிசல்கள் அதற்கு முன்பே காணப்பட்டிருந்தன. எனினும், செங்கல்லும் காரையும் கொண்ட பெருங்கட்டடம் வெளிப்பூச்சால் நலமாகத் தோன்றிக்கொண்டே உள்ளே வலுவிழக்கக்கூடும் என்னும் எச்சரிக்கையை அந்நிகழ்வு தருகின்றது.

கல்வெட்டுகளைக் குறித்தும் கூறவேண்டும். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவத்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட அவற்றுள் மிகப்பெரும்பான்மையானவை தமிழில் அமைந்தவை. கருங்கல் உவரை எளிதில் ஏற்காதாயினும், வெயிலாலும் மழையாலும் மேல்தோல் நைந்த கல்லில் நுண்பிளவுகள் தோன்றுகின்றன. அவற்றினுள் உப்பு புகுந்தால் தோல் செதிலாகப் பெயரும். கல்வெட்டின் எழுத்து சில மில்லிமீட்டர் ஆழமே உடையது. தோல் பெயர்ந்தால் எழுத்தும் போய்விடும். தமிழ் ஆய்வாளருக்கு இது நேரடியான இழப்பாகும்.

தொண்டைமண்டலத்திலும் சோழநாட்டிலும் நடைபெற்ற பணிகள்

இந்தியத் தொல்லியல் துறையில் 1917இல் தொல்லியல் வேதியியலார் பதவி ஏற்படுத்தப்பட்டது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. அவ்வாய்வகத்தின் முதற்பணி மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட செப்புத்திருமேனிகளைக் காப்பதாகும். அத்திருமேனிகளை அரித்ததும் மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு உப்பே. அதன் தொடக்ககால வேதியியலாரான எசு. பரமசிவன் திருமேனிகளோடு நில்லாமல் சுவரோவியங்களின் பூச்சையும் வண்ணங்களையும் ஆராய்ந்து 1930களில் கட்டுரைகள் வெளியிட்டார்.

அப்பணிக்குத் தூண்டுதலாக அமைந்தவை அக்காலக் கண்டுபிடிப்புகள். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் பல்லவர் கால ஓவியங்களை சூவோ துப்ரேல் 1931இல் கண்டறிந்தார். அதே ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எசு.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டார். பின்னர்த் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களுள் சிலவற்றைப் பூச்சோடு பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்துக் காத்தனர்.

ஓவியத்தின் செய்முறையை அறிதல் உப்பு நீக்கத்திற்கு முன்தேவையாகும். ஈரச் சுண்ணாம்பின்மீது தீட்டப்பட்ட ஓவியத்தில் வண்ணத்தைப் பிணைப்பது சுண்ணாம்பே. உலர்ந்த பூச்சின்மீது பசையோடு தீட்டப்பட்ட ஓவியத்தில் வண்ணத்தைப் பிணைப்பது நீரில் நெகிழும் பசை. முன்னதற்கு ஏற்ற மருத்துவம் பின்னதை அழித்துவிடும்.

கைலாசநாதர் கோயில் கருங்கல் அடித்தளத்தின்மேல் மணற்கல்லால் கட்டப்பட்டது. பெரிதும் தேய்ந்த அதன் மணற்கற் சிற்பங்கள் பலவற்றின்மேல் பிற்காலத்தில் பூச்சு இடப்பட்டது. அதே இராசசிம்மன் காலத்ததான மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கடலின் உப்புக்காற்றை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக எதிர்கொண்டு நிற்கின்றது. அங்கே தொல்லியல் துறையினர் அலைதடுப்புக் கற்சுவர் அமைத்தும், சவுக்கு மரங்களை வளர்த்தும் உப்பின் வரவைக் குறைக்க முயன்றனர். கல்லில் ஏற்கெனவே ஏறிய உப்பை நீக்கத் தாட்கூழ் முறையைக் கையாண்டு வருகின்றனர். தூயநீரில் ஊறவைத்த தாட்கூழைக் கல்லின்மேல் அப்புவர். கூழின் நீர் கல்லினுள் சென்று உப்பைக் கரைக்கும். கூழ் உலரும்போது உப்புநீர் வெளியே இழுக்கப்பட்டு, உப்பு கூழிலேயே தங்கும். உலர்ந்த கூழை நீக்கிவிட்டு, உப்பின் அளவு குறையும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்வர். உவர்மண்ணில் நீரூற்றி உப்பை வடித்த உப்பர்களின் தொழிலும் இதுவும் ஒரே நெறியைச் சார்ந்தவை என்பது இங்குத் தெளிவாகும்.

சிமெண்டும் திருப்பணியும்

போர்ட்லாண்டு சிமெண்டு 1824இல் இங்கிலாந்தில் உரிமம் பெற்றது. 1904இல் சென்னையில் அதனை உற்பத்தி செய்யும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயில் திருப்பணிகளில் அது சுண்ணாம்பின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்துப் பூசும் மரபுமுறை பல வாரங்கள் வேண்டுவது. அறிந்த கொத்தரும் குறைந்துவிட்டனர். குடமுழுக்கு நாள் குறிக்கப்பட்டபின் காலம் போதாது. ஆகவே திருப்பணி செய்வோர் சிமெண்டை நாடியமை புரிந்துகொள்ளத்தக்கதே.

ஆயினும் விளைவுகள் மூன்று. முதலாவது, சிமெண்டு தன்னுள் கரையும் கார சல்பேட்டுகளைக் கொண்டது. பழஞ்சுவரில் இல்லாத உப்பை அது கொண்டுவந்து சேர்க்கின்றது. இரண்டாவது, அது சுண்ணாம்பைப்போல் ஈரத்தை எளிதில் வெளியேவிடாது. அடிச்சுவரில் சிமெண்டு பூசினால் ஓதம் பூச்சுக்குப் பின்னே மேலும் உயர்ந்து, பூசாத பகுதியில் வெளிப்படும். அங்கு ஓவியமோ சுதையோ இருந்தால் உப்பின் தாக்குதல் அதன்மேல் விழும். மூன்றாவது, அது பழங்காரையினும் கடினமானது. அழுத்தம் நேரும்போது மென்மையான பழஞ்செங்கல்லே உடையும், சிமெண்டு நிற்கும்.

மரபுவழிச் சுண்ணாம்பு வெள்ளையடிப்பு இதற்கு நேர்மாறானது. ஆண்டுதோறும் பூசப்பட்ட மெல்லிய சுண்ணாம்புப் படலம் ஈரத்தை வெளியேவிட்டது. உப்பும் அப்படலத்திலேயே படிந்து, அதனோடு உதிர்ந்தது. மறு ஆண்டு புதிய படலம் பூசப்பட்டது. தன்னை இழந்து சுவரைக் காக்கும் பூச்சு என்று இன்றைய பாதுகாப்பு இயலார் பரிந்துரைப்பதும் இதனையே. ஆனால் அதே வெள்ளையடிப்பு ஓவியங்களையும் கல்வெட்டுகளையும் மூடி மறைத்தது என்பதையும் மறுத்தற்கில்லை. மறைந்த எழுத்தை வெளிக்கொணரக் கையாண்ட மணல்வீச்சு முறை கல்லின் தோலையே தேய்த்து, எழுத்தையும் சிற்பத்தையும் சிதைத்தமையால் தமிழகக் கோயில்களில் பின்னர்த் தடைசெய்யப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னெடுப்பால் ஆய்வு மேற்கொண்ட யுனெசுகோ குழு 2017இல் அளித்த அறிக்கை, திருப்பணிகளில் தகுதிவாய்ந்த வல்லுநர் இன்மையைச் சுட்டிக்காட்டிற்று.

வழிபாட்டுச் சூழலில் எழும் உப்புகளையும் கருதவேண்டும். இருண்ட மண்டபங்களில் தங்கும் வௌவால்களின் எச்சம் நைட்ரேட்டுகளைத் தருவது. வைத்தீசுவரன்கோயில் முதலிய தலங்களில் உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கம் உள்ளது. வழக்கத்தை நிறுத்துதல் இதற்குத் தீர்வன்று. காணிக்கை உப்பு கல்லின்மேல் தேங்காமல் நாள்தோறும் அகற்றப்படுதலும், திருமுழுக்கு நீர் வடிகாலில் தடையின்றிச் செல்லுதலும் போதுமானவை.

செய்யத்தக்கன

முதலில் நீரின் வழியைக் காணவேண்டும். ஓதம் கீழிருந்து ஏறுகின்றதா, கூரையிலிருந்து இறங்குகின்றதா, காற்றின் ஈரத்தால் வருகின்றதா என்பதைக் குறைந்தது ஓராண்டு முழுவதும், மழைக்காலத்திலும் கோடையிலும் நோக்கிப் பதிவு செய்தல் வேண்டும். ஒரே நாள் பார்வை தவறான முடிவைத் தரும். சித்திரையில் பூத்த உப்பு ஐப்பசியில் கரைந்து மறைந்திருக்கும்.

அடுத்து, உப்பின் வகையை அறிதல் வேண்டும். சுரண்டி எடுத்த சிறிதளவு பொடியைத் தூயநீரில் கரைத்து, சிறிது நைட்ரிக் அமிலம் சேர்த்தபின் வெள்ளி நைட்ரேட்டு விட்டால் குளோரைடு வெண்வீழ்படிவாகத் தோன்றும். ஐதரோகுளோரிக் அமிலம் சேர்த்தபின் பேரியம் குளோரைடு விட்டால் சல்பேட்டு புலப்படும். கல்லூரி ஆய்வகத்தில் செய்யத்தக்க இச்சோதனைகள் பெருஞ்செலவு உடையன அல்ல.

மூன்றாவது, நீரின் வரவைத் தடுக்குமுன் சுவரைக் கழுவுதல் கூடாது. கழுவும் நீர் மேற்பரப்பு உப்பை மீண்டும் உள்ளே செலுத்தும். உலர்ந்த மேற்பூப்பை மென்தூரிகையால் துடைத்துச் சேகரித்து அப்புறப்படுத்துதலே நன்று. ஓவியச் சுவரில் தாட்கூழ் முறையும் தேர்ந்த வல்லுநரின் கையிலன்றி வேறு யாராலும் செய்யப்படலாகாது.

நான்காவது, புதுக்காரைக்கு வேண்டிய பொருள்களைத் தேர்தல். திருப்பதி மாவட்டத்தின் கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் கடலும் உள்ளன. அப்பகுதியின் கிளிஞ்சலைச் சுடுவதாயின், ஒட்டியுள்ள கடலுப்பை நன்னீரால் கழுவியபின்னரே சூளையிலிட வேண்டும். மணலும் நீரும் உப்பற்றவையா என்று சோதித்தபின் பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாவது, தமிழ்த்துறைகள் ஆற்றக்கூடிய பணி. கல்வெட்டுகளின் மைப்படிகளோடு, அவை உள்ள கல்லின் இன்றைய நிலையும் ஒளிப்படமாகப் பதியப்படுதல் வேண்டும். பழைய பதிப்பில் முழுமையாக உள்ள வரி இன்று கல்லில் சிதைந்திருப்பின், எந்தப் பகுதியில் எவ்வளவு இழந்தோம் என்பதை அவ்விரண்டின் ஒப்பீட்டால் அறியலாம். பழம்பதிப்புகள் இவ்வகையில் அழிவை அளக்கும் கருவியாகவும் பயன்படும்.

முடிவுரை

உவர் என்பது நம் மண்ணுக்கும் மொழிக்கும் புதியதன்று. அதனை உணவாகவும் மருந்தாகவும் வெடிமருந்தாகவும் மாற்றிக்கொண்டவர்கள் அது எப்போது, எங்கே, எவ்வாறு பூக்கும் என்பதை அறிந்திருந்தனர். கருங்கல் அடித்தளம், ஈரத்தை வெளியேவிடும் சுண்ணாம்புப் பூச்சு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட வெள்ளையடிப்பு ஆகியன நீரின் வழியை அறிந்து ஒழுகிய கட்டடமுறையின் கூறுகள். மண்ணுப்புத் தொழில் ஒடுக்கப்பட்டதாலும், சுண்ணாம்புத் தொழில் நலிந்ததாலும் இவ்வறிவு தொடர்பறுந்தது. அது நீங்கிய இடத்தில் நீரை அடைத்து வைக்கும் பூச்சுகள் வந்தன.

சென்னை அருங்காட்சியக ஆய்வகத்திலும் மாமல்லபுரத்திலும் வளர்ந்த அறிவியல் அப்பழைய அறிவுக்குப் பகையன்று. அதனை அளவைகளோடு விளக்குவது. இவ்விரண்டையும் இணைத்துத் திருப்பணிக்கு முன்னரே பயன்படுத்தினால், வேங்கட வட்டாரத்தின் ஓவியங்களையும் தமிழ்க் கல்வெட்டுகளையும் நெடுங்காலம் நிலைபெறச் செய்யலாம். உதிர்ந்த எழுத்தை எந்தத் திருப்பணியாலும் மீட்க இயலாது. ஆகவே ஒவ்வொரு கோயிலின் திருப்பணித் திட்டத்திலும், பூச்சுக்குரிய மதிப்பீடு எழுதப்படுமுன் ஓதமும் உவரும் பற்றிய ஓராண்டுப் பதிவு இடம்பெறுதல் இன்றியமையாததாகும்.